யாரும் போகாத இடத்தில் குடியிருப்பது யார்? ஸ்டார் ட்ரெக் எழுத்தாளர்களுக்கு ஒரு சர்வேயரின் மடல்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களை இன்று எழுதுகிறவர்களுக்கும் நாளை எழுத வரப்போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பரவாயில்லை. எந்தப் பாஷையில் பேசினாலும் மறுநொடி இங்கிலீஷாகக் காதில் விழவைக்கும் கருவி ஒன்று உங்கள் கப்பலில் இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவி மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையர். ஊரில் சர்வேயர் என்றால்தான் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் சங்கிலியும் புலப்பட நகலுமாக வரப்பு வரப்பாக நடந்தவன். ஓய்வுபெற்று மகன் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் உங்கள் தொடர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். 1966இல் தொடங்கிய முதல் தொடரின் 79 எபிசோடையும் இரண்டு மாதத்தில் முடித்தேன். அடுத்து வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் பிக்கார்ட் கேப்டனின் 178. அதற்குள் பேரனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். இப்போது வீட்டில் ரிமோட் யார் கையில் என்பதே ஒரு பேச்சுவார்த்தை.

முதல் தொடரின் ஒவ்வொரு எபிசோடும் ஒரே முன்னுரையோடு தொடங்கும். ஐந்தாண்டுப் பயணம், விசித்திரமான புது உலகங்கள், புது உயிர்கள், புது நாகரிகங்கள், கடைசியில் எந்த மனிதனும் போகாத இடத்துக்குத் துணிந்து போவது. 1987இல் அடுத்த தொடர் வந்தபோது அதில் 'மேன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'ஒருவரும் போகாத இடம்' என்று திருத்தினீர்கள். பெண்களையும் சேர்த்துக்கொண்டது நியாயம்தான். ஆனால் திருத்தியதில் வாக்கியம் முன்னைவிடப் பெரிய பொய்யாகிவிட்டது. மனிதன் போகாத இடம் என்றாலாவது கணக்குச் சரியாக வரும். ஒருவருமே போகாத இடம் என்கிறீர்கள்; போய் இறங்கினால் வாராவாரம் அங்கே யாராவது குடியிருக்கிறார்கள். அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ராஜா ஒருவர் சிம்மாசனத்தில் இருக்கிறார்.

இந்த இடத்தில்தான் என் தொழில் புத்தி முழித்துக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிலத்தை அளக்கப் போனேன். பக்கத்து நிலத்துக்காரருக்கு முன்கூட்டியே தகவல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அவரும் வந்து நிற்க வேண்டும், அதுதான் முறை. அன்றைக்கு அவர் வரவில்லை. எனக்கு அவசரம். நகலில் இருந்த அளவைத் தரையில் பிடித்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது, கல்லை நட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் கல்லைக் காணோம். கிணற்றுக்குள் கிடக்கிறது என்றார்கள். அளவில் ஒரு விரற்கடைகூடப் பிழை இல்லை, ஆனாலும் கல் கிணற்றில். இரண்டாவது தடவை போனபோது சங்கிலியைப் பையை விட்டே எடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து, அவர் வீட்டு மோரைக் குடித்து, அவருடைய பங்காளிச் சண்டை மூன்று தலைமுறைக் கதையையும் கேட்டேன். சாயங்காலம் அதே இடத்தில் அதே கல்லை நட்டோம். குழியில் முதல் பிடி மண்ணைப் போட்டது அவர்தான்.

உங்கள் ரசிகர்களுக்குள் ஒரு பழைய சண்டை இருப்பதாகப் பேரன் சொல்கிறான். ஒரு கட்சிக்குப் பயணம் வேண்டும்: கப்பல் கிளம்ப வேண்டும், புது நட்சத்திரம், புது ஆபத்து. இன்னொரு கட்சிக்கு மேஜையும் நாற்காலியும் போதும், உடன்படிக்கை, தூதர்கள், துரோகம். 1993இல் ஒரே இடத்தில் நிற்கும் விண்வெளி நிலையத்தை வைத்து டீப் ஸ்பேஸ் நைன் தொடங்கியபோது, எங்கேயும் போகாத பயணத் தொடரா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு இரண்டு கட்சியிலும் சேர மனமில்லை. போன இடத்தில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த நிமிஷமே போனவன் தூதனாகிவிடுகிறான், அவனுக்கு இஷ்டமோ இல்லையோ. உங்களுடைய நல்ல கதைகள் எல்லாம் அந்த நிமிஷத்தில்தான் நடந்திருக்கின்றன. அதையே நீங்கள் அடிக்கடி தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறீர்கள் என்பதுதான் என் புகார்.

ஓடாமல் நின்ற இடத்தை முதலில் சொல்கிறேன். 1967 மார்ச்சில் ஒளிபரப்பான சுரங்கக் கதை. ஜானஸ் 6 என்ற கிரகத்தில் சுரங்கத் தொழிலாளிகளை ஏதோ ஒரு ஜந்து கொன்றுகொண்டே இருக்கிறது. ஐம்பதுக்கும் மேல் சாவு. முதல் தொடரின் கேப்டன் கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் துப்பாக்கியோடு இறங்குகிறார்கள். சுரங்க மேலாளரின் மேஜை மேல் உருண்டையாக ஒரு கல். ஆயிரக்கணக்கில் கிடந்தன, எதற்கும் உதவாது, உடைத்துத் தள்ளினோம் என்கிறார். பாறையைக் கரைத்து வழி செய்துகொண்டு போகும் ஹோர்ட்டா என்ற அந்த ஜந்து ஒரு தாய். உருண்டைகள் அதன் முட்டைகள். காயம்பட்ட ஹோர்ட்டா பாறையில் மூன்றே சொற்களைப் பொசுக்கி எழுதுகிறது. 'என்னைக் கொல்லாதே' என்கிறதா, 'நான் கொல்லமாட்டேன்' என்கிறதா? அந்த அரைகுறை இலக்கணத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஸ்பாக்குக்கே விளங்கவில்லை. அந்த விளங்காமையைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தாரே எழுதியவர், ஜீன் கூன், அவருக்கு ஒரு கும்பிடு. அப்புறம் மனதோடு மனம் கலக்கும் வித்தை தெரிந்த ஸ்பாக் அதன்மேல் கை வைத்து அதன் வலியைத் தன் வாயால் கத்துகிறார். டாக்டர் மெக்காய் கொத்தனார் மாதிரி காயத்துக்குச் சிமெண்ட் பூசுகிறார். கடைசியில் ஒப்பந்தம்: குஞ்சுகள் பாறையைக் குடையட்டும், கிடைக்கும் கனிமத்தை மனிதர்கள் எடுத்துக்கொள்ளட்டும், முட்டையை யாரும் தொடக் கூடாது. இதைக் கண்டுபிடிப்புக் கதை என்பீர்களா, ராஜதந்திரக் கதை என்பீர்களா? எனக்கு இது எல்லைத் தகராறு. தினம் பார்த்த வழக்கு.

இவ்வளவு எழுதத் தெரிந்த நீங்கள் தூதர் என்று ஒருவர் கப்பலில் ஏறிவிட்டால் மட்டும் அவரைக் காமெடி பீஸ் ஆக்கிவிடுகிறீர்கள். அதே 1967இல் ஃபாக்ஸ் என்று ஒரு தூதர் வருகிறார். கிட்டே வராதே என்று ஒரு கிரகம் எச்சரிக்கை அனுப்புகிறது. இவர் போ போ என்கிறார். கப்பலின் பாதுகாப்புக் கவசத்தை இறக்கச் சொல்கிறார், கப்பல் பொறுப்பிலிருந்த ஸ்காட்டி மறுக்கிறார், அதனால்தான் கப்பல் பிழைக்கிறது. தூதர் கீழே போய்க் கைதாகிறார். கிர்க் அந்த ஊர்க் கணினியை வெடிவைத்துத் தகர்த்த பிறகுதான் ஃபாக்ஸுக்குப் பேச வேலை கிடைக்கிறது. இன்னொரு கதையில் ஹெட்ஃபோர்ட் என்ற பெண் அதிகாரி. ஒரு போரைத் தடுக்க அனுப்பப்பட்டவர், நோய்வாய்ப்பட்டு, வழியில் ஒரு சிறு கிரகத்தில் வேறு ஓர் உயிரோடு ஒன்றாகி அங்கேயே தங்கிவிடுகிறார். அப்போ அந்தப் போர் என்ன ஆகும் என்று மெக்காய் கேட்க, அதை நிறுத்த ஃபெடரேஷனுக்கு (அவர்களுடைய கிரகக் கூட்டமைப்பு) வேறொரு பெண் கிடைக்காமலா போவாள் என்கிறார் கிர்க். கதை முடிந்தது. போரா? அது போகட்டும். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, நிஜமாகவே.

பேச்சு என்றால் ஜனங்களுக்குப் போரடிக்கும் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத் தெருக்கூத்தில் கிருஷ்ணன் தூது என்று ஒரு ஆட்டம் உண்டு. பாண்டவர்களுக்குப் பாதி ராஜ்யம் கேட்கிறார், இல்லாவிட்டால் ஐந்து ஊர், அதுவும் இல்லாவிட்டால் ஐந்து வீடு. துரியோதனன் கொடுக்கப்போவதில்லை. எதிரே கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தெரிந்தும் விடிய விடியப் பார்ப்பார்கள். ஐந்து ஊர் ஐந்து வீடாகச் சுருங்கும்போது திடலில் ஒரு சத்தம் இருக்காது. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு கப்பல் உடையவில்லை. கேட்பவன் எவ்வளவு தூரம் இறங்குவான், மறுப்பவன் எவ்வளவு தூரம் விறைப்பான் என்பதே போதுமாக இருக்கிறது.

இப்போது அந்தக் கருவிக்கு வருகிறேன். எல்லா மொழியையும் நொடியில் பெயர்த்துத் தரும் அந்த மொழிபெயர்ப்பான் உங்கள் கதைகளின் முதுகெலும்பை எடுத்துவிட்டது. அது இல்லாவிட்டால் வாராவாரம் புது மொழி கற்பதிலேயே நேரம் போய்விடும், கதை நகராது, தெரியும். ஆனால் அது இருந்தும் உதவாமல் போன ஒரு வாரத்தில் நீங்கள் எழுதியது என்ன தெரியுமா? 1991இல் வந்த 'தர்மோக்'.

அதில் கருவி வேலை செய்கிறது. சொற்கள் எல்லாம் பெயர்ந்துவிடுகின்றன. பொருள்தான் வரவில்லை. தமேரியர்கள் பேசுவதெல்லாம் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும்தான்: 'தர்மோக்கும் ஜலாடும், தனாக்ராவில்.' 'ஷாகா, மதில் விழுந்தபோது.' அவர்களுடைய புராணம் தெரியாமல் அவர்கள் வாக்கியம் புரியாது. பேரன் ஆச்சரியத்தில் வாயைப் பிளந்தான். எனக்கு அவ்வளவு ஆச்சரியம் இல்லை. 'ஆபீஸில் ஒரு சகுனி, வீட்டில் கும்பகர்ணன், தெருவில் நாரதர்' என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் சொன்னால் அவர் நாள் முழுக்கப் பட்ட அவஸ்தை எங்களுக்கு விளங்கிவிடும். உங்கள் கருவியில் போட்டால் மூன்று பெயர்கள் விழும், அவ்வளவுதான்.

டாத்தன் என்ற தமேரியக் கேப்டன் பிக்கார்டையும் இழுத்துக்கொண்டு ஒரு காட்டுக் கிரகத்தில் இறங்குகிறார். கையில் இரண்டு கத்திகள், ஒன்றைப் பிக்கார்டிடம் நீட்டுகிறார். பிக்கார்ட் அதைச் சண்டைக்கு அழைப்பு என்று நினைத்து மறுக்கிறார். ராத்திரி குளிர். பிக்கார்டுக்குத் தீ மூட்ட வரவில்லை. டாத்தன் தன் நெருப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து அவர் பக்கம் எறிந்து, 'டெம்பா, கைகளை விரித்து' என்கிறார். கொடுப்பதற்கும் வாங்கிக்கொள்வதற்கும் அதுதான் சொல்! மறுநாள் இருவரையும் ஒரு மிருகம் தாக்குகிறது. ஒரே எதிரியை எதிர்த்து இருவர் சேர்ந்து நின்றால் நண்பர்களாவார்கள், தர்மோக்கும் ஜலாடும் அப்படித்தான் ஆனார்கள், இதற்குத்தான் கத்தி என்று பிக்கார்டுக்கு உறைக்கிற அந்த வேளையில், காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று மேலே நிற்கும் அவருடைய கப்பல் அவரை மட்டும் தூக்கப் பார்க்கிறது. கொஞ்ச நேரம் பிக்கார்ட் எதிலும் கை வைக்க முடியாமல் அந்தரத்தில் மின்னிக்கொண்டு நிற்க, தனியாக மாட்டிக்கொண்ட டாத்தனை மிருகம் கிழித்துவிடுகிறது.

அந்த ராத்திரி சாகக்கிடக்கும் டாத்தனுக்குப் பிக்கார்ட் கில்கமேஷ் என்ற பழைய மெசபடோமியக் காவியக் கதையைச் சொல்கிறார். எங்கள் பூமியிலும் ஒரு கதை உண்டு, இரண்டு நண்பர்கள், ஒருவன் சாகிறான் என்று. டாத்தனுக்கு எத்தனை சொல் புரிந்ததோ. கேட்டுக்கொண்டே இறந்துபோகிறார். கப்பலுக்குத் திரும்பிய பிக்கார்ட், சுட்டுக்கொண்டிருக்கும் எதிர்க் கப்பலோடு அவர்கள் பாஷையிலேயே பேசுகிறார். அவர்கள் புராணத்தில் ஒரு வரி கூடுகிறது: பிக்கார்டும் டாத்தனும், எல்-அட்ரெலில். ஒரு தூதன் உயிரைக் கொடுத்து வாங்கியது ஒரு வாக்கியம். இதைப் பார்த்த பிறகு மறுபடி அந்தக் கருவியையே நம்பிப் போய்விட்டீர்களே, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. 2001இல் வந்த என்டர்பிரைஸ் தொடரில் ஹோஷி சாட்டோ என்ற மொழி வல்லுநரைக் கப்பலில் ஏற்றினீர்கள். கருவி கைவிரித்த ஒரு சமயம், பயத்தில் நடுங்கிக்கொண்டே அரைகுறை ஆக்ஸனார் மொழியில் அவரே பேசிக் கப்பலைக் காப்பாற்றினார். அது முதல் கதைக்கு அடுத்த கதை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 98 எபிசோடு ஓடியது, அந்தப் பெண்ணுக்கு இன்னும் எவ்வளவோ வேலை கொடுத்திருக்கலாம்.

கேட்காமல் போவது பற்றியும் நீங்களே இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள். 1991 பிப்ரவரியில் மால்கோர் என்ற கிரகம். ரகசியமாக வேவு பார்க்கப் போன, பிக்கார்டின் துணை அதிகாரி ரைக்கர் அடிபட்டு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொள்கிறார். விஷயம் வெளியே வருகிறது. அந்த நாட்டுத் தலைவர் டர்கன் பிக்கார்டோடு பேசுகிறார், நல்ல மனிதர், பயந்தவர் அல்ல. எங்கள் ஜனங்கள் இதற்கு இன்னும் தயாரில்லை, போய்விடுங்கள் என்கிறார். பிக்கார்ட் சரி என்று போய்விடுகிறார். அவ்வளவுதான் கதை! பேச்சுவார்த்தை தோற்றதா ஜெயித்ததா? மரியாதையோடு திரும்பியது. 1994இல், டீப் ஸ்பேஸ் நைனில், அதற்கு நேர் எதிர். ஃபெடரேஷன் கப்பல்கள் வார்ம்ஹோல் என்ற விண்வெளிக் குறுக்குவழியில் புகுந்து காமா என்ற தொலைதூரப் பகுதி முழுக்க ஊர் பார்க்கின்றன; பஜோர் கிரகத்துக்காரர்கள் அங்கே குடியேற்றமும் வைக்கிறார்கள். அந்தப் பக்கம் டொமினியன் என்று ஒரு வல்லரசு இருக்கிறது. எங்கள் எல்லைக்குள் வராதே என்று அவர்கள் சொன்ன விதம் கொடூரமானது: குடியேற்றம் அழிந்தது, பின்வாங்கிக்கொண்டிருந்த ஒடிஸி என்ற கப்பல் மேல் மோதி அதைச் சுக்குநூறாக்கினார்கள். அவர்களை நான் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கிணற்றில் கிடந்த என் கல் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு டொமினியனோடு மூண்ட போரை வைத்துத்தான் 1998இல், அந்த நிலையத்தின் கேப்டன் சிஸ்கோ, பொய்ச் சாட்சியம் தயாரித்து, ஒதுங்கி நின்ற ரோமுலர் இனத்தாரைப் போருக்குள் இழுத்த கதையையும் எழுதினீர்கள். தன் குற்றத்தை எல்லாம் பதிவேட்டில் சொல்லிவிட்டுக் கடைசியில் அந்தப் பதிவையே அழிக்கச் சொல்கிறார். தூதுக்கு அழுக்குப் பக்கமும் உண்டு என்று ஒளிக்காமல் காட்டியதற்கு நன்றி.

கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் பக்கத்து வீட்டுக் கதை ஒன்று. பாபிலோன் 5 என்ற விண்வெளி நிலையத் தொடர் உங்களுடையது அல்ல, தெரியும். ஆனால் மேஜையை நடுவில் போட்டுத் தொடர் எழுதுவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் 1995இல் வந்த அதன் ஒரு எபிசோடு போதும். செண்டாரி சக்ரவர்த்தி, தன் இனம் அடிமைப்படுத்திய நார்ன்களிடம் மன்னிப்புக் கேட்கவென்றே கிழவயதில் அந்த நிலையத்துக்கு வருகிறார். கேட்குமுன் மயங்கி விழுகிறார். ஒரு டாக்டர் மூலம் அந்தச் செய்தி நார்ன் தூதர் ஜிகாரை எட்டுகிறது. தலைமுறை தலைமுறையாக வெறுத்தவர் மனம் இளகி, நேராக மதுக்கூடத்துக்குப் போய்ச் செண்டாரித் தூதர் லோண்டோவுக்கு ஒரு கோப்பை வாங்கிக்கொடுத்து, சக்ரவர்த்தி நலம் பெறட்டும் என்று குடிக்கிறார். லோண்டோவின் முகத்தைப் பாருங்கள். நார்ன் குடியேற்றம் ஒன்றைத் தாக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் அந்த மனுஷர். குண்டு விழுவதைவிட அந்தக் கோப்பை கை மாறுவதுதான் பயங்கரம். ஒரு செட், இரண்டு நடிகர்கள், இரண்டு கோப்பை.

புதுத் தொடர்களில் முயற்சியே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். டிஸ்கவரி தொடரின் நான்காவது சீசனில் ஹோர்ட்டா கதையைத் தலைகீழாகத் திருப்பினீர்கள். இப்போது சுரங்கம் தோண்டுவது அவர்கள், உடைவது நம் பக்கத்துக் கிரகங்கள், கீழே உயிர்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வாசனை மாதிரி வேதிப்பொருளாலும் ஒளிக்கோலத்தாலும் பேசுகிற அந்த 10-சி இனத்தோடு கணக்கு வழியாகப் பேச்சைத் தொடங்கிய காட்சி அபாரம். ஆனால் அதற்கு நீங்கள் கொடுத்த நேரம்? ஒரு பக்கம் குண்டோடு ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான், இன்னொரு பக்கம் பூமியே அழியப்போகிறது. மாமாங்கம் ஆகவேண்டிய பேச்சு, பஸ் கிளம்புகிற அவசரத்தில் முடிகிறது. ஒரு சீசனுக்கு 26 எபிசோடு இருந்த காலத்தில் ஒரு வாரத்தை மீட்டிங் ஹாலில் கழிக்க முடிந்தது, இப்போது 13 அல்லது 10தான், ஒவ்வொன்றும் வெடித்தாக வேண்டும் என்பீர்கள். அதே 10 எபிசோடு கணக்கில்தானே ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸில் பைக் கேப்டனை ரோங்கோவியர்களோடு உட்காரவைத்தீர்கள்? எதிரே இருப்பவன் பேசுகிற விதத்திலேயே திருப்பிப் பேசும் இனம். பைக் கடைசியில் தன் கட்சியை விட்டுவிட்டு, நீங்கள் ஏன் எங்களோடு சேரத் தயங்குகிறீர்கள் என்பதை அவர்கள் பக்கம் நின்று சொல்கிறார். அதற்காகவே அவர்கள் சேருகிறார்கள். குண்டு இல்லாமலும் முடிகிறது, பாருங்கள்.

நான் கேட்பது ரொம்ப இல்லை. சீசனுக்கு ஒரு எபிசோடு. கருவியைக் கழற்றி வையுங்கள். கப்பலில் ஏறும் தூதருக்குக் கேப்டன் அளவு மூளை கொடுங்கள். குறுக்கே வெடிகுண்டை ஓடவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொன்னால், நாற்பது நிமிஷம் கேட்டுவிட்டு நிஜமாகவே திரும்பி வாருங்கள். முன்னுரையில் அந்தக் கடைசி வரியைத் திருத்தினாலும் சந்தோஷம்தான், ஏற்கனவே ஒருமுறை திருத்தியவர்கள்தானே.

பேரன் ஒரு கேள்வியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறான். மால்கோரிலிருந்து பிக்கார்ட் கிளம்பும்போது மிராஸ்டா யேல் என்ற விஞ்ஞானி, இனி இங்கே இருக்க முடியாது, என்னையும் கூட்டிப் போங்கள் என்று கப்பலில் ஏறினாள். அப்புறம் அவளை நாங்கள் பார்க்கவே இல்லை. எங்கே குடிவைத்தீர்கள், என்ன வேலை செய்கிறாள், ஊர் ஞாபகம் வந்தால் யாரிடம் தன் பாஷையில் பேசுகிறாள்? எழுதிவிட்டு எங்களுக்கு ஒரு வரி போடுங்கள். தமிழில் வேண்டாம். இங்கிலீஷ் படிக்க இந்த வீட்டில் ஆள் இருக்கிறது, கருவி தேவைப்படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், பேரனுடன்